புறாக் கோபுரத்தில் ஒரு படுக்கை

முழங்காலில் ஊர்ந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. கதவு அவ்வளவு பதிவானது. கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, அளவு நாடாவை இழுத்தபடி நகர்ந்தபோது மற்றக் கை எதிலோ பட்டது. துணி. விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு தலையணை.

பழைய கட்டடங்களை அளக்கப் போகிறவளுக்குக் கையில் எதுவும் படும். காய்ந்த எச்சம், செத்த எலி, பாம்புச் சட்டை எல்லாம் எனக்குப் பழக்கம். தலையணை பட்டதில்லை. அதற்குத் தோய்த்து மடித்த உறை போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில், சுருட்டி வைத்த போர்வை, ஒரு கோப்பை. கோப்பையின் அடியில் தேநீர் இன்னும் காயவில்லை.

வெளியே நின்ற கௌரியைக் கூப்பிட்டேன். அன்று காலையில்தான் அவளை முதன்முதலாகப் பார்த்திருந்தேன். காணி அவளுடையது. கோபுரம் அந்தக் காணியில் நின்றது.

"கௌரி, இதுக்குள்ள ஆர் படுக்கிறது?"



"தம்பி அக்கா. நிமலன். வீட்டுக்குள்ள படுக்கமாட்டன் எண்டு நிக்கிறான். நான் என்ன செய்ய?"

அளந்தால் போய்விடும்

அந்த வருடம் மழை விடவே இல்லை. சிட்னிக்கு மேற்கே ஆறு கரையைத் தாண்டி, வடிந்து, மறுபடியும் தாண்டியது. ரிச்மண்டுக்கு அப்பால் இருந்த அந்தக் காணிக்குப் போகிற வழியெல்லாம் வேலிக் கம்பிகளில் வெள்ளம் விட்டுப்போன வைக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் வேலை செய்தது பரமட்டாவில் ஒரு சின்ன அலுவலகம். பழைய கட்டடங்களை அளந்து, அவை இருக்கும் நிலையை வரைந்து, அறிக்கை எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். கேட்கப் பெருமையாக இருக்கும். உண்மையில் பெரும்பாலும் இடிப்பதற்கு முன்புதான் எங்களைக் கூப்பிடுவார்கள். இடிக்கலாம், ஆனால் அதற்கு முன் முழுப் பதிவு ஒன்று வேண்டும் என்று கவுன்சில் சொல்லும். நான் போய்ச் செங்கல் செங்கல்லாக அளந்து வருவேன். அடுத்த முறை அந்தத் தெருவால் போகும்போது அங்கே அடுக்குமாடி நிற்கும்.

ஒருமுறை கிரவீனில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் கதிரை போட ஏதோ அளந்துகொண்டிருந்தேன். மகள் படியில் நின்று, "அம்மா, ப்ளீஸ் டோன்ட் மெஷர் அவர் ஹவுஸ்" என்றாள். எங்கள் வீட்டை அளக்க வேண்டாமாம். சிரித்தேன். பிறகு நாள் முழுக்க அது மனத்தில் கிடந்து உறுத்தியது.

கணவருக்கு அப்போது மெல்பேர்னில் வேலை. மாதத்துக்கு ஒருதரம் வருவார். வந்ததும் கேரம் டவுன்ஸ் கோயில் விபூதியை மேசையில் வைத்துவிட்டு, குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "ஊர்ப்பட்ட ஆக்களுக்கெல்லாம் படம் கீறுறாய்" என்பார். நான் பதில் சொல்வதில்லை. அந்த நாட்களில் எனக்கு இருந்தது நித்திரை கொண்டால் போகிற அலுப்பில்லை. காலையில் எழும்பும்போதே கூட எழும்புகிற அலுப்பு.

கௌரியின் காணி எங்களிடம் வந்ததும் சலிப்பான வழியில்தான். கோபுரம் கவுன்சிலின் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தது. மழையில் சுவர் வெடித்திருப்பதை யாரோ பார்த்து அறிவித்துவிட்டார்கள். காணிக்காரர் உடனே ஆளை வைத்துப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. முதலாளி பெயரைப் பார்த்துவிட்டு, "உன் ஊர்க்காரர் போலிருக்கிறது" என்று வேலையை என் பக்கம் தள்ளினார்.

பறவைக்குக் கட்டிய சுவர்

வாசகர்களில் பலர் புறாக் கோபுரம் ஒன்றைப் பார்த்திருக்கமாட்டார்கள். நானும் அதற்கு முன் படங்களில்தான் பார்த்திருந்தேன்.

வட்டமான செங்கல் கட்டடம். இரண்டு மாடி உயரம். மேலே கூம்புக் கூரை. கூரையின் உச்சியில் நான்கு பக்கமும் திறந்த சின்னக் கூண்டு ஒன்று. புறாக்கள் போய்வருவது அதன் வழியாகத்தான். சுவரில் ஜன்னல் என்று ஒன்றுகூட இல்லை. பாதி உயரத்தில் ஒரு வரிசைச் செங்கல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கோபுரத்தைச் சுற்றி ஓடுகிறது. அழகுக்கு என்று நினைத்தேன். எலி சுவரில் ஏறி வந்தால் அந்த விளிம்பைத் தாண்ட முடியாமல் கீழே விழும். அதற்காகத்தான்.

உள்ளே போனால்தான் அதன் விசேஷம் தெரியும். சுவர் முழுக்கப் பொந்துகள். முழங்கால் உயரத்தில் தொடங்கி இருட்டுக்குள் மறையும்வரை வரிசை வரிசையாக. ஒவ்வொன்றின் வாயிலும் புறா வந்து இறங்க ஒரு செங்கல் விளிம்பு. பொந்துக்குள் கையை விட்டால் நேராகப் போகாது. ஒரு பக்கமாகத் திரும்பும். அடைகாக்கும் பறவை அந்தத் திருப்பத்தில் போய் இருட்டில் இருக்கலாம். வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது.

நடுவில் ஒரு மரத்தூண். அதன் கீழ்முனை கல் குழி ஒன்றில் செருகி நின்று சுழலும். தூணிலிருந்து நீட்டிய இரண்டு கைகளில் ஓர் ஏணி. ஏணியில் நின்றபடியே சுவரைத் தள்ளினால் தூண் சுழன்று, ஆளை ஒரு பொந்திலிருந்து அடுத்த பொந்துக்குக் கொண்டுபோகும். இறங்காமலே எல்லாக் குஞ்சுகளையும் எடுத்துவிடலாம். எடுப்பது எதற்கு என்று கேட்கக்கூடாது. குஞ்சு இறைச்சிக்கு, எச்சம் பசளைக்கு.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பிரபுக்கள் மட்டும்தான் இப்படிக் கட்டலாமாம். அங்கே கட்ட முடியாத யாரோ ஒருவர் இங்கே வந்து கோதுமை விதைத்து, காசு கண்டதும் முதல் வேலையாக இதைக் கட்டியிருக்க வேண்டும். கட்டிய கைகள் அநேகமாக அங்கிருந்து கப்பலில் கொண்டுவந்த கைதிகளுடையவை. சில செங்கற்களில் ஈரம் காயும் முன் தூக்கியவரின் விரல் பள்ளம் அப்படியே இருந்தது.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. பரமட்டாவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தந்த முதல் வேலை, ஒரு கட்டடத்தின் விளிம்புகளில் புறா உட்காராமல் கம்பி முட்கள் எங்கெங்கே வைப்பது என்று வரைவது.

தூக்குக்குண்டு

நிமலன் மத்தியானம் வந்தான். பெண்டில் ஹில் கடைகளுக்குக் கீரையும் பயற்றங்காயும் போட்டுவிட்டு வருகிற நேரம் அது. நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான, சுத்தமாகச் சவரம் செய்த ஆள். தன் வான் வண்டியை விட்டு இறங்கியதும் கோபுரக் கதவு திறந்திருப்பதைத்தான் முதலில் பார்த்தான். பிறகு என்னை.

"அக்கா கவுன்சிலோ?"

"இல்லைத் தம்பி. சுவரைப் பாக்க வந்தனான்."

அவன் படகில் வந்தவன். தடுப்பு முகாமில் பல வருடங்கள் இருந்தவன். வெளியே விட்ட பிறகும் கையில் இருந்தது தற்காலிக விசாதான். அதைக் கௌரி எனக்குக் காலையிலேயே சொல்லியிருந்தாள். அலுவலகத்து ஆள் யாராவது படலையில் நின்றால் அவனுக்கு அன்று சாப்பாடு இறங்காது என்றும் சொன்னாள்.

சுவரில் ஒரு பக்கம் வயிறு தள்ளியிருந்தது. பொந்துகள் இருப்பதால் அந்தச் சுவர் உண்மையில் இரண்டு மெல்லிய சுவர்கள். பொந்துகளுக்கு இடையே குறுக்காகப் போகும் செங்கற்கள்தான் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தன. எப்போதோ ஒரு காலத்தில் நல்ல எண்ணத்தோடு யாரோ வெளிப்பக்க இடுக்குகளைச் சீமெந்தால் பூசிவிட்டார்கள். பழைய செங்கல்லுக்குச் சுண்ணாம்புதான் ஒத்துவரும். சீமெந்து பூசினால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. செங்கல் உள்ளுக்குள்ளேயே ஊறி மாவாகும். அந்தப் பக்கத்தில் குறுக்குச் செங்கற்கள் பலவும் அறுந்திருந்தன.

இதை நிமலனுக்கு வாயால் சொல்லவில்லை. நூலில் தொங்கும் பித்தளைக் குண்டை எலி விளிம்புக்குக் கீழே சுவரோடு ஒட்டி இறக்கிவிட்டேன். மேலே நூல் சுவரைத் தொட்டது. நடுவில் சுவர் நூலை வெளியே தள்ளியது. கீழே நூலுக்கும் சுவருக்கும் இடையில் என் கை முழுக்கப் போனது.

நிமலன் தன் கையையும் விட்டுப் பார்த்தான்.

"அப்ப விழுமோ?"

"விழும். எப்ப எண்டு சொல்லேலாது."

"அக்கா எழுதுவியளோ, நான் இதுக்குள்ள படுக்கிறனெண்டு?"

"கட்டில் உள்ளுக்க இருந்தா எழுதத்தான் வேணும். எடுத்துப் போட்டியளெண்டா எழுத ஒண்டுமில்லை."

கௌரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டில அறை இருக்கு அக்கா. புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறன். யன்னல் பெரிசு, நல்ல காத்து" என்றாள்.

"அதுதான் பிரச்சினை" என்றான் நிமலன். என்னைப் பார்த்துச் சொன்னான், கௌரியைப் பார்த்து அல்ல. "காம்பில எங்களை எண்ணுவினம். ராவிலயும் வந்து எண்ணுவினம். கதவு திறக்கமாட்டினம். யன்னலால ரோச் லைற் முகத்துக்கு அடிப்பினம். காலை அசைச்சுக் காட்டோணும், உயிரோட இருக்கிறனெண்டு. இப்ப ஒருத்தரும் வாறேல்லை, எனக்குத் தெரியும். ஆனா யன்னலுக்குக் கீழ படுத்தா நான் காலை அசைச்சுக்கொண்டே கிடக்கிறன்."

கௌரிக்கு இது முன்பே தெரியுமா என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தெரியாது. அவள் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள்.

அன்று பின்னேரமே அவன் கட்டிலை மடக்கி வெளியே எடுத்தான். உதவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். கட்டிலையும் தலையணையையும் போர்வையையும் வானின் பின்பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினான். நான் காரில் ஏறினேன். ஒருவரைப் படுக்கையை விட்டு எழுப்பிவிட்டு வருவது போலத்தான் இருந்தது, வீடு வரும்வரைக்கும்.

வெளிப்பக்கம்

அறிக்கை போனது. கவுன்சில் வழக்கத்துக்கு மாறாக விரைவாக நகர்ந்தது. இந்த முறை இடிப்பதில்லை, திருத்துவது என்று முடிவு. நான் அளந்த ஒன்று நிற்கப்போகிறது. முதலாளி தோளில் தட்டினார். எனக்கு மகிழ்ச்சி வரவேண்டிய இடத்தில் கொட்டாவிதான் வந்தது.

திருத்த வேலைக்கு வந்தவர்கள் சாரம் கட்டி, சீமெந்தைக் கொத்தி எடுக்கத் தொடங்கினார்கள். நான் இடைக்கிடை போய்ப் பார்ப்பேன். அப்படிப் போன ஒருநாள், சாரத்தில் நின்றவர்கள் திடீரென்று கையை நிறுத்தினார்கள். சீனி கொட்டுவது போல ஒரு சத்தம். பொறுப்பாளர் எல்லோரையும் கீழே இறங்கச் சொன்னார். நாங்கள் பயற்றங்காய்ப் பந்தல்வரை பின்வாங்கினோம். நிமலன் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி அங்கேதான் நின்றான்.

வயிறு தள்ளிய பக்கம் கீழிருந்து மெல்ல உட்கார்ந்தது. ஒரு கதவளவு துண்டு, வரிசை வரிசையான பொந்துகளோடு, சரிந்து வெளியே கொட்டியது. பெரிய சத்தம்கூட இல்லை. செம்மண் தூசி எழும்பி மழை ஈரத்தில் உடனே அடங்கிவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே மரத்தூணும் ஏணியும் பகல் வெளிச்சத்தில் வெட்கப்பட்டு நிற்பதுபோல இருந்தன.

நிமலன் கிட்டப் போய் உள்ளே எட்டிப் பார்த்தான். கட்டில் கிடந்த இடத்தில் ஒரு செங்கல்கூட விழவில்லை.

"வெளியாலதான் விழுந்தது அக்கா" என்றான். "நான் படுத்திருந்தாலும் ஒண்டும் நடந்திராது."

கோபமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னான். அடுத்த முறை உள்ளேயும் விழலாம் என்பது சரிதான். அதை அந்த நேரத்தில் அவனிடம் சொல்ல என்னால் முடியவில்லை.

அவன் குழாயை நிறுத்திவிட்டு வந்து, உடையாத செங்கற்களைப் பொறுக்கி ஒரு பக்கமாக அடுக்கினான். விரல் பள்ளம் இருந்த ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். தன் விரல்களை அதில் வைத்துப் பார்த்தான். பிறகு அதையும் மற்றவற்றோடு அடுக்கினான்.

குசினியில்

குளிர்காலம் பிறந்தபோது கோபுரம் முழுசாக நின்றது. சுண்ணாம்புச் சாந்து, சுவரைச் சுற்றி உள்ளுக்குள் மறைத்து வைத்த இரும்புப் பட்டி, புதுக் கூரை. பதிவான கதவுக்கு ஒரு புதுப் பூட்டு. திறப்பு கௌரியிடம்தான் இருந்தது. ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் ஆள் தங்கக்கூடாது என்று அனுமதிப் பத்திரத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். நிமலன் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டான்.

கடைசிப் படங்களைக் கொடுக்கப் போன அன்று கௌரி என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய் இருத்தினாள். அவள் ஒரு நேர்சிங் ஹோமில் இரவு வேலை செய்பவள். விடிய வந்து இன்னும் உடுப்பு மாற்றவில்லை. பிளேன் ரீ ஊற்றித் தந்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"வானுக்குள்ளதான் படுக்கிறான் அக்கா. விடிய நான் வரேக்க கண்ணாடியெல்லாம் பனி. தட்டிப் பாக்கவும் பயம். தட்டினா அதுவும் எண்ணுற மாதிரித்தானே."

நான் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தது.

"நீங்கள் கீறுறனீங்கள்தானே. பின்னுக்கு ஒரு சின்ன அறை கீறித் தருவியளோ? அவன் படுக்கிற மாதிரி?"

"இப்ப ஏலாது கௌரி" என்றேன். "உண்மையாவே ஏலாது. வேலை கழுத்துவரைக்கும் கிடக்கு."

அவள் வற்புறுத்தவில்லை. "ஓம் அக்கா, தெரியும்" என்று சொல்லி ஒரு பை நிறையக் கத்தரிக்காயைத் தந்தாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. பெருந்தெருவில் வாகனங்கள் நகராமல் நின்றபோது பக்கத்துச் சீற்றில் அந்தப் பை இருந்தது. வீடு போவதற்குள் அறையின் சுவர்கள் எங்கே வரும் என்று யோசித்து முடித்துவிட்டேன். என்மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

வார இறுதியில் வரைந்தேன். சதுர அறை. சுவரில் ஜன்னல் கிடையாது. ஒரே கதவு. கட்டிலில் படுத்தால் கதவு திறக்கிற வெளிச்சம் சுவரில் தெரியும், கதவைத் திறந்தால் கட்டில் தெரியாது. அதற்காகக் கதவுக்கு உள்ளே ஒரு சின்னக் குறுக்குச் சுவரைத் திருப்பி வைத்தேன். வெளிச்சம் கூரையிலிருந்து. எங்கே படித்தாய் இப்படிக் கட்ட என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தப் பொந்துகளில் கையை விட்டுப் பார்த்தவள் நான்.

கவுன்சிலிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். படத்தில் ஜன்னலைப் போட மறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். மறக்கவில்லை, கூரையில் திறக்கக்கூடிய கண்ணாடி இருக்கிறது, விதிப்படி அதுவும் கணக்கில் வரும் என்றேன். "ஆனால் மனிதர்களுக்கு வெளியே பார்க்க வேண்டியிருக்குமே" என்றாள். எல்லோருக்கும் இல்லை என்றேன். அவள் விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சரிதான் என்றாள்.

கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஒழுகிற பைப்பை நான் வந்து பாக்கிறன். நீ அதை முடி" என்றார்.

மரச்சட்டம்

வசந்தத்தில் வேலை தொடங்கியது. சுவர்களின் மரச்சட்டம் எழும்பியதும் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை போனேன். தச்சர்கள் அன்று வரவில்லை. நிமலன் சட்டங்களுக்கு நடுவே, கட்டில் வரப்போகும் இடத்தில் நிலத்தில் உட்கார்ந்திருந்தான். நான்கு பக்கமும் சட்டங்களூடாகக் காணி தெரிந்தது. பயற்றங்காய்ப் பந்தல், வீடு, வாசலுக்கு வரும் பாதை, தூரத்தில் பூட்டிய கோபுரம்.

"எப்பிடி இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கு அக்கா." எழும்பிப் புழுதியைத் தட்டினான். பிறகு, "பலகை அடிக்க முந்தி ஒண்டு கேக்கலாமோ" என்றான்.

"கேளுங்கோ."

"இந்தப் பக்கம் ஒரு சின்ன யன்னல் வைக்கேலுமோ?"

நான் அவனைப் பார்த்தேன். கவுன்சில் பெண்ணோடு பேசியது, ஒவ்வொரு கோட்டையும் யோசித்து யோசித்துப் போட்டது எல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வந்தது. இனி படத்தைத் திருத்த வேண்டும். திருத்திய படத்துக்குத் திரும்பவும் அனுமதி எடுக்க வேண்டும். அந்தப் பெண் என்ன நினைப்பாள்?

"யன்னல் வேண்டாமெண்டுதானே கீறினனான் தம்பி."

"ஓம் அக்கா. எனக்கும் அப்ப வேண்டாம்தான்." அவன் பாதைப் பக்கம் பார்த்தான். "வானுக்குள்ள படுக்கேக்க கௌரியக்கா வேலையால வாறது தெரியும். லைற் வளைவில திரும்பும். காரை நிப்பாட்டுவா. கொஞ்ச நேரம் இறங்காமல் உள்ளுக்கயே இருப்பா. களைப்பில. பிறகு இறங்கிப் போவா. அதைப் பாத்தாப்பிறகு எனக்கு நல்லா நித்திரை வருகுது. இதுக்குள்ள படுத்தா அவ வந்திட்டாவோ எண்டு தெரியாதே."

பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.

"எந்த உயரத்தில?"

அவன் கட்டில் வரும் இடத்தில் நிலத்தில் படுத்தான். பாதைப் பக்கம் தலையைத் திருப்பி, கையை நீட்டி மரத்தில் ஓரிடத்தைத் தொட்டான். நான் குனிந்து, அவன் விரல் பட்ட இடத்தில் கோடு போட்டேன்.